உருகிப் போன ஐஸ்கிரீமும் ஓடத் தொடங்கிய படகும்

குழந்தைகளே! கடற்கரைக்குப் போனால், மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளின் பின்பக்கத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பல படகுகளில் ஓர் இன்ஜின் வெளியே தொங்கிக் கொண்டிருக்கும். தலை மேலே இருக்கும். நீண்ட கால் கீழே இறங்கும். காலின் நுனியில் சின்ன விசிறி ஒன்று இருக்கும். கடலுக்குப் போய் வந்ததும் அதை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்துக் கொண்டு போய் விடலாம். அதற்கு அவுட்போர்டு மோட்டார் என்று பெயர். வெளிப்பொருத்து இயந்திரம் என்று தமிழில் சொல்வார்கள்.

நம் ஊரில் அது மீன்பிடிக்கப் போகிறவர்களின் துணை. அமெரிக்கா, கனடா, நார்வே போன்ற நாடுகளில், விடுமுறை நாளில் ஏரியில் சுற்றிவர விரும்பும் குடும்பங்களின் துணையும் அதுதான். இப்படிக் கழற்றி மாட்டும் மோட்டாரைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டு வந்தவர் யார் தெரியுமா? பள்ளியில் அதிகம் படிக்க முடியாத ஓர் ஏழை விவசாயியின் மகன். அவர் பெயர் ஓலே எவின்ரூட். அவருடைய கதையில் ஒரு ஏரி வருகிறது, உருகிப் போன ஐஸ்கிரீம் வருகிறது, சொந்தப் பெயரையே இழந்து நின்ற ஒரு சோதனையும் வருகிறது. படிக்கலாமா?

கப்பலில் வந்த சிறுவன்

வட ஐரோப்பாவில் உள்ள குளிர் நாடு நார்வே. அங்கே 1877ம் ஆண்டு ஏப்ரல் 19ம் தேதி ஓலே பிறந்தார். பிழைப்புத் தேடிப் பல நார்வே குடும்பங்கள் அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறின. ஓலேவின் குடும்பமும் 1882ல் அப்படிக் கிளம்பியது. அப்போது அவருக்கு ஐந்து வயது.

அந்த நீண்ட கடல் பயணத்தில், பையனைக் காணோம் என்று தேடினால், அவன் கப்பலின் இன்ஜின் அறையில் நின்று வேடிக்கை பார்த்துக் கொண்டிருப்பானாம். கையைப் பிடித்து இழுத்து வந்தாலும் மறுபடியும் அங்கேயே ஓடி விடுவானாம். இப்படி ஒரு கதை சொல்வார்கள்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் என்ற சிற்றூருக்கு அருகே, ரிப்ளே ஏரிக்கரையில் அவர்கள் பண்ணை அமைத்தார்கள். நார்வேயில் தாங்கள் வாழ்ந்த பண்ணையின் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக் கொள்வது வழக்கம். எவின்ரூட் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பண்ணை வேலைக்கு ஆள் தேவைப்பட்டதால் ஓலேவின் பள்ளிப் படிப்பு சில ஆண்டுகளிலேயே நின்று விட்டது. ஆனால் அவர் மனம் வயலில் நிற்கவில்லை. பழுதான கருவி எதைக் கண்டாலும் பிரித்துப் பார்ப்பார், சரி செய்து மாட்டுவார். கண்ணெதிரே ஏரி வேறு இருந்தது. படகு ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசை வந்தது.

பதினைந்து வயது வாக்கில், அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு பாய்மரப் படகுக்கான பாகங்களைச் செய்யத் தொடங்கினார். அப்பா அதைக் கண்டுபிடித்து விட்டார். வீண் வேலை என்று கோபப்பட்டு அந்தப் பலகைகளை அடுப்புக்கு அனுப்பி விட்டாராம். ஓலே அழுது கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை பாகங்களை இன்னும் பத்திரமாக ஒளித்து வைத்தார்! படகு முடிந்து ஏரியில் மிதந்தபோது அப்பாவின் கோபமும் இறங்கி விட்டது. ஏரிக்கு வந்தவர்களை அதில் ஏற்றிச் சென்று ஓலே காசு கூடச் சம்பாதித்தார்.

நடந்தே போன வேலைக்காரர்

பதினாறு வயதில் ஓலே வீட்டை விட்டு வேலை தேடிப் புறப்பட்டார். மேடிசன் நகரம் சுமார் 32 கிலோ மீட்டர் தொலைவில் இருந்தது. வண்டிக்குக் காசில்லை. நடந்தே போனார்.

அங்கே விவசாயக் கருவிகள் செய்யும் பட்டறையில் வேலை கிடைத்தது. பகலெல்லாம் இரும்போடு வேலை. இரவில் விளக்கு வெளிச்சத்தில் கணக்கும் பொறியியலும் தாமாகவே படித்தார். கற்றுத்தர ஆசிரியர் இல்லை, புத்தகங்கள்தான் ஆசிரியர். பிறகு சிகாகோ, பிட்ஸ்பர்க் நகரங்களுக்குப் போய் ஆலைகளில் வேலை செய்தார். வார்ப்பு வேலைக்கு மரத்தில் அச்சு செய்யும் கலையில் கைதேர்ந்தவரானார். இரும்பில் ஒரு பாகம் வார்ப்பதற்கு முன், அதே வடிவத்தை மரத்தில் அளவு பிசகாமல் செதுக்க வேண்டும். அதுதான் அந்த வேலை.

1900ம் ஆண்டு வாக்கில் மில்வாக்கி நகரத்துக்கு வந்து சேர்ந்தார். பெட்ரோலில் ஓடும் இன்ஜின்கள் அப்போது புத்தம் புதுசு. ஓலே தாமே இன்ஜின்கள் செய்து பார்க்கத் தொடங்கினார். அவர் வாடகைக்கு இருந்த வீடுகளில் எல்லாம் தடதடவென்று சத்தம், புகை, எண்ணெய் வாடை! வீட்டுக்காரர்கள் தாங்குவார்களா? வேறு இடம் பார்த்துக் கொள்ளும்படி சொல்லி விட்டார்களாம்.

கூட்டாளியோடு சேர்ந்து இன்ஜின் தயாரிக்கும் தொழில் தொடங்கினார். கூட்டு உடைந்தது. மறுபடியும் முயன்றார். அதுவும் நிலைக்கவில்லை. ஓலேவுக்கு இயந்திரம் நன்றாகத் தெரியும். கணக்கு எழுதவும், கடிதம் போடவும், வாடிக்கையாளரிடம் பேசவும் தெரியாது. கூச்ச சுபாவம் வேறு.

அப்போதுதான் பக்கத்தில் வசித்த பெஸ் கேரி என்ற பெண் உதவிக்கு வந்தார். அவர் வணிகப் படிப்பு படித்துக் கொண்டிருந்தவர். ஓலேவுக்கு வந்த கடிதங்களுக்கு அழகாகப் பதில் எழுதிக் கொடுத்தார். கணக்குப் புத்தகத்தை ஒழுங்கு செய்தார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

1906ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். மில்வாக்கிக்குப் பக்கத்தில் ஒகாச்சி என்ற ஏரி. அங்குள்ள ஒரு தீவுக்கு ஓலே, பெஸ், நண்பர்கள் எல்லோரும் துடுப்புப் படகில் பிக்னிக் போயிருந்தார்கள். வெயில் சுட்டெரித்தது. பெஸ்சுக்கு ஐஸ்கிரீம் சாப்பிட ஆசை வந்தது. ஐஸ்கிரீம் கடையோ எதிர்க்கரையில்!

ஓலே உடனே படகில் ஏறித் துடுப்பு போட்டார். போகச் சுமார் இரண்டரை மைல், வர இரண்டரை மைல் என்பார்கள். பலசாலியான அவருக்கே வியர்வை ஆறாக ஓடியது. ஐஸ்கிரீமை வாங்கிக் கொண்டு திரும்பி வந்து பார்த்தால்... பாத்திரத்தில் இருந்தது இனிப்புப் பால்தான்!

நாமாக இருந்தால் வெயிலைத் திட்டியிருப்போம். ஓலே என்ன செய்தார் தெரியுமா? துடுப்புப் போடும் கைக்குப் பதிலாக ஓர் இன்ஜின் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்து விட்டார்.

அப்போது மோட்டார் படகே கிடையாதா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் அவற்றில் கனமான இன்ஜினைப் படகின் வயிற்றுக்குள் நிரந்தரமாகப் பதித்திருப்பார்கள். பணக்காரர்களால்தான் வாங்க முடியும். படகின் வெளியே மாட்டும் மோட்டாரை ஓலேவுக்கு முன்பே சிலர் செய்திருந்தார்கள். டெட்ராய்ட் நகரத்தைச் சேர்ந்த கேமரூன் வாட்டர்மேன் என்பவர் அத்தகைய மோட்டார்களை விற்றுக் கொண்டும் இருந்தார். ஆகவே ஓலேதான் உலகிலேயே முதல் ஆள் என்று சொல்வது சரியில்லை. நம்பி வாங்கலாம், சுலபமாக ஓட்டலாம், ஒரே ஆள் தூக்கிப் போகலாம் என்ற நிலைக்கு அதைக் கொண்டு வந்ததுதான் அவருடைய சாதனை.

காபிக்கொட்டை அரைக்கும் மெஷினா?

அந்த ஆண்டின் இறுதியில் ஓலேவுக்கும் பெஸ்சுக்கும் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு மகன் ரால்ஃப் பிறந்தான். ஓலே அச்சு செய்யும் வேலையைப் பார்த்துக் கொண்டே மோட்டாரையும் செய்து வந்தார். ஒருநாள் வீட்டுக்குக் கொண்டு வந்து காட்டினார். அதைப் பார்த்த பெஸ், காபிக்கொட்டை அரைக்கும் மெஷின் மாதிரி இருக்கிறதே என்று கேலி செய்தாராம்.

அந்தக் காபி மெஷின் எப்படி வேலை செய்தது? கவனமாகப் படியுங்கள். மேலே ஓர் இன்ஜின். அது சுழற்றும் தண்டு செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கும். தண்டின் அடியில் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றோடு ஒன்று கோத்திருக்கும். நிமிர்ந்து சுழலும் சுழற்சியை அவை படுக்கை வாட்டத்துக்கு மாற்றி விடும். அதனால் நுனியில் உள்ள விசிறி சுழன்று தண்ணீரைப் பின்னால் தள்ளும். படகு முன்னால் போகும். திரும்ப வேண்டுமா? கைப்பிடியைப் பிடித்து மோட்டாரையே திருப்பினால் போதும். தனியாகச் சுக்கான் தேவையில்லை! இன்றைய அவுட்போர்டு மோட்டார்களிலும் அடிப்படை அமைப்பு இதுதான்.

1909ல், மில்வாக்கியில் ஓடும் கின்னிக்கின்னிக் ஆற்றில், வாடகைப் படகு ஒன்றில் அதை மாட்டி ஓட்டிப் பார்த்தார் ஓலே. கரையில் நின்றவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். துடுப்பும் இல்லை, பாயும் இல்லை, படகு தானாகப் போகிறதே!

அந்த முதல் ரக மோட்டாரின் சக்தி ஒன்றரைக் குதிரைத் திறன். எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. விலையும் 62 டாலர்!

ஒரு நண்பர் அதை வாங்கிக் கொண்டு போய் ஏரியில் ஓட்டினார். திரும்பி வரும்போது பத்துப் பேரிடம் ஆர்டர் வாங்கி வந்தார். ஓலே திகைத்துப் போனார். கையால் ஒவ்வொன்றாகச் செய்து முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

பாதி வேலை பெஸ்சினுடையது

இங்கேதான் பெஸ் களத்தில் இறங்கினார். பகலில் குழந்தையையும் வீட்டையும் பார்த்துக் கொண்டு, கணக்கு, கடிதம், விளம்பரம் மூன்றையும் அவரே கவனித்தார். விளம்பரத்தை அவரே எழுதினார். இனிமேல் துடுப்புப் போட வேண்டாம், அதைத் தூக்கி எறியுங்கள், எவின்ரூட் மோட்டாரை மாட்டுங்கள் என்பதுதான் அதன் சாரம். படித்தவர்களுக்கு உடனே மனதில் ஒட்டிக் கொண்டது. கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன.

இழுவைப் படகுத் தொழில் செய்த கிறிஸ் மேயர் என்பவர் பணம் போட்டுக் கூட்டாளியானார். 1911ல் ஓலேவின் மோட்டாருக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. பெஸ் வெளிநாட்டு வியாபாரத்துக்கும் கடிதம் எழுதினார். டென்மார்க், நார்வே, ஸ்வீடன் கரைகளில் இருந்த மீனவர்கள் ஆயிரக்கணக்கில் மோட்டார் வாங்கினார்கள். ஐந்து வயதில் நார்வேயை விட்டு வந்த சிறுவனின் பெயர், மோட்டாரின் மேல் ஏறி மறுபடியும் நார்வேக்கே போய்ச் சேர்ந்தது! சில ஆண்டுகளிலேயே தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்தார்கள்.

பெயரை விட்டுக் கொடுத்தவர்

எல்லாம் நன்றாகப் போய்க் கொண்டிருந்தபோது பெஸ்சின் உடல்நிலை கெட்டது. இரவும் பகலும் உழைத்த உடம்பு ஓய்வு கேட்டது. ஓலே முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஓஹோவென்று நடக்கும் தொழில். இன்னொன்று, மனைவியின் உடல்நலம்.

ஓலே தயங்கவில்லை. 1914ம் ஆண்டு வாக்கில் தன் பங்கு முழுவதையும் மேயரிடம் விற்று விட்டார். அதில் ஒரு நிபந்தனை இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு ஓலே படகு மோட்டார் தொழிலில் இறங்கக் கூடாது. எவின்ரூட் என்ற பெயரும் கம்பெனிக்கே சொந்தம். யோசித்துப் பாருங்கள், தன் பெயரைத் தானே ஒரு மோட்டாரில் போட முடியாத நிலை!

மனைவியையும் மகனையும் அழைத்துக் கொண்டு காரிலும் படகிலுமாக ஊர் சுற்றினார். பெஸ் மெல்ல மெல்லத் தேறினார். ஓலேவின் கை சும்மா இருந்தாலும் மூளை சும்மா இருக்குமா? பழைய மோட்டாரின் குறைகள் அவருக்கு நன்றாகத் தெரியும். கனம் அதிகம், அதிர்வு அதிகம். இரும்புக்கும் பித்தளைக்கும் பதிலாக, எடை குறைந்த அலுமினியத்தை அதிகமாகப் பயன்படுத்திப் புது மோட்டாரை வரைந்தார். ஒரு சிலிண்டருக்குப் பதில் இரண்டு. எதிரெதிரே வைத்தால் ஒன்றின் அதிர்வை மற்றொன்று அடக்கும். சக்தி மூன்று குதிரைத் திறன். எடை சுமார் 22 கிலோதான். முதல் மோட்டாரை விட இருமடங்கு சக்தி, ஆனால் ஆறு கிலோ குறைவு!

ஐந்து ஆண்டுக் கெடு முடிந்ததும், முறைப்படி அந்தப் படத்தை முதலில் மேயரிடமே கொண்டு போய்க் காட்டினார். பழைய மோட்டாரே நன்றாக விற்கும்போது புதுசு எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, மேயர் வேண்டாம் என்று சொல்லி விட்டார்.

சரி, சொந்தமாகத் தொடங்கலாம். என்ன பெயர் வைப்பது? எவின்ரூட் என்று வைக்க முடியாதே! பெஸ்தான் வழி சொன்னார். எவின்ரூட்டின் இலகுவான இரட்டை அவுட்போர்டு என்று பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தார். எல்டோ என்று வந்தது. 1920களின் தொடக்கத்தில் எல்டோ மோட்டார் கடைக்கு வந்தது. முன்பு தாமே தொடங்கிய கம்பெனியோடு இப்போது தாமே போட்டி! ஜான்சன் என்ற சகோதரர்கள் இன்னும் எடை குறைந்த மோட்டாரோடு களத்துக்கு வந்தார்கள். மும்முனைப் போட்டியில் மோட்டார்கள் ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்டன. 1928ல் நான்கு சிலிண்டரும் 18 குதிரைத் திறனும் கொண்ட எல்டோ மோட்டார் வெளிவந்தது. ஒன்றரை எங்கே, பதினெட்டு எங்கே!

1929ல் ஒரு திருப்பம் நடந்தது. எல்டோ, எவின்ரூட், லாக்வுட் என்ற மூன்று கம்பெனிகளும் ஒன்றாக இணைந்தன. தலைவர் யார்? ஓலே எவின்ரூட்! பதினைந்து ஆண்டுகளுக்கு முன் விட்டுக் கொடுத்த பெயர் அவரிடமே திரும்பி வந்தது.

ஆனால் அதே ஆண்டில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது உல்லாசப் படகுக்கு மோட்டார் வாங்குவது யார்? அந்தக் கடினமான நாட்களில் ஓலே கம்பெனியை மூழ்க விடாமல் தாக்குப் பிடித்தார். 1933ல் பெஸ் காலமானார். ஓராண்டுதான் கடந்தது. 1934ம் ஆண்டு ஜூலை 12ம் தேதி ஓலேவும் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 57.

மகன் ரால்ஃப் பொறுப்பை ஏற்றார். 1936ல் போட்டியாளர்களான ஜான்சன் மோட்டாரும் அதே குடும்பத்தில் சேர்ந்தது. பல கைகள் மாறி, எவின்ரூட் என்ற பெயரில் அவுட்போர்டு மோட்டார் தயாரிப்பது 2020ல் நின்று போனது. ஆனால் வேறு வேறு கம்பெனிகளின் பெயரில், ஓலே காட்டிய வடிவத்தில், மோட்டார்கள் உலகின் எல்லாக் கரைகளிலும் ஓடிக் கொண்டிருக்கின்றன.

மோட்டார் படகில் ஏறப் போகிறீர்களா?

சுற்றுலா போகும்போது ஏரியிலோ, உப்பங்கழியிலோ நீங்களும் மோட்டார் படகில் ஏறலாம். இவற்றை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள்.

* மிதவைச் சட்டையை இருக்கைக்கு அடியில் வைத்தால் பயனில்லை. உடம்பில் போட்டு, வார்களை இறுக்கிக் கட்ட வேண்டும். உங்கள் அளவுக்குச் சரியானதைக் கேட்டு வாங்குங்கள்.

* மோட்டாரில் ஒரு சுருள் கயிறு இருக்கும். அதன் மறுமுனையைப் படகு ஓட்டுபவர் தன் மேல் மாட்டிக் கொள்ள வேண்டும். அவர் தவறித் தண்ணீரில் விழுந்தால் கயிறு விடுபட்டு இன்ஜின் தானாக நின்று விடும். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மீதே வரும்! அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான வேகப் படகுகளில் இதை மாட்டுவது 2021 ஏப்ரல் முதல் சட்டமாகி விட்டது.

* எரிபொருளை மூன்று பங்காக நினைத்துக் கொள்ள வேண்டும். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, ஆபத்துக்கு உதவ ஒரு பங்கு.

* கையில் தூக்கும் பெட்ரோல் டேங்கைக் கரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. படகின் அடியில் தேங்கி நின்று, ஒரு தீப்பொறி பட்டாலும் பற்றிக் கொள்ளும்.

* பல மோட்டார்களில், ஓடும்போது பக்கத்திலிருந்து சிறு நீர்த்தாரை பீய்ச்சும். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அது அடையாளம். அது நின்று விட்டால் உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும்.

* கடலில் ஓட்டி வந்த மோட்டாரின் உள்ளே நல்ல தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் உப்பு அரித்து விடும்.

* அருகில் யாராவது நீந்தினால் விசிறி சுழலவே கூடாது. ஓடும் படகில் எழுந்து நிற்கவும் கூடாது. எல்லோரும் ஒரே பக்கம் சாயவும் கூடாது.

* எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லி விட்டுக் கிளம்புங்கள்.

என்ன குழந்தைகளே, ஓலேவின் கதை பிடித்திருந்ததா? ஐஸ்கிரீம் உருகுவது யாருக்கும் புதிதல்ல. அதை வாங்கப் போனவர் பட்ட கஷ்டத்தை அடுத்தவர் படக் கூடாது என்று நினைத்ததுதான் புதிது. உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ தினமும் சிரமப்பட்டுத் தூக்குகிற, இழுக்கிற, சுமக்கிற பொருள் ஏதாவது இருக்கிறதா? இன்று மாலை ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொண்டு உட்காருங்கள். அந்தச் சுமையை எப்படிக் குறைக்கலாம் என்று வரைந்து பாருங்கள். முதல் படம் அடுப்புக்குப் போனாலும் பரவாயில்லை. இரண்டாவது படத்தைப் பத்திரமாக ஒளித்து வையுங்கள்!